இடப்பக்கம் கிணறு, வலப்பக்கம் டேங்க்

என் கடை கீழே, அவள் அறை மேலே. வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவள் அவள். போட்டதைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுப்பவள் நான். ஊருக்கெல்லாம் அவள் ஸ்கேல் அக்காதான். தலை நரைத்த மேஸ்திரிகள்கூட அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று பாங்க் பாஸ்புக்கில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோணலாக எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. என் கடைக்குள் வந்தால் முதல் வேலையாகச் சுவரில் இருக்கும் காலண்டரை நேராக்குவாள். அவளைச் சீண்டவே நான் அதைச் சாய்த்து மாட்டி வைப்பேன். சாப்பாட்டு டப்பாவை மேசை விளிம்புக்கு இணையாக வைத்த பிறகுதான் மூடியைத் திறப்பாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "மனை அளவு ஒத்து வரல" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவாள். கேட்டவர் அதற்கு மேல் என்ன கேட்பார்?

உண்மையில் அவளுக்கு நேரமே இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சின்னவளைப் படிக்க வைத்து, ஒரு பஸ் டிரைவருக்குக் கட்டிக் கொடுத்து, தலை நிமிர்ந்து பார்த்தபோது இவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதில் இவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டே பெருமைகள்தான். ஒன்று சின்னவள். இன்னொன்று, அவள் போட்ட பிளான் ஒன்றுகூட, அனுமதி கொடுக்கிற பிளான் ஆபீஸிலிருந்து திரும்பி வந்ததில்லை என்பது.

ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நாடா மாதிரி நீளமாக ஒரு நிலம் சும்மா கிடந்தது. அதை வாங்கி மனை பிரித்தவரை நாங்கள் லேஅவுட்காரர் என்போம். வாயில் வெண்ணெய் வைத்துப் பேசுகிற ஆள். மனை பிரித்த பிறகுதான் அவருக்குச் சிக்கல் தெரிந்தது. அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடையும் கிடையாது, குடிநீர்க் குழாயும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு மனைக்கும் சொந்தமாக செப்டிக் டேங்க் வேண்டும், சொந்தமாகக் கிணறு வேண்டும், இரண்டுக்கும் இடையே ஐம்பது அடி தூரம் வேண்டும் என்பது விதி. டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்துக் குழியில் இறங்கி மண்ணுக்குள் போகும். ஐம்பது அடி போவதற்குள் மண் அதை வடிகட்டிவிடும் என்று ஒரு கணக்கு. மனைகளோ ரோட்டோரமாக அகலமாகவும் உள்ளே ஆழமில்லாமலும் இருந்தன. கிணற்றை முன்னால் வைத்து டேங்கைப் பின்னால் போட்டாலும், மாற்றிப் போட்டாலும் தூரம் பற்றவில்லை. மற்றவர்கள் போட்டுக் கொடுத்த பிளான்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

கடைசியில் லேஅவுட்காரர் ஸ்கேல் அக்காவின் படியேறினார். அவள் ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் கடைக்கு இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கிணத்த இடது சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டேன். டேங்க வலது சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டேன். வீடு நடுவுல. அம்பது அடி கச்சிதமா உக்காந்துடுச்சு" என்றாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பேரு மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க?"

"சொன்னதுக்கு அப்புறம் எல்லாமே இவ்வளவுதான்."

பிளான் பாஸ் ஆனது. ஒரு மனைக்கு ஒரு விண்ணப்பம், ஒரு மனைக்கு ஒரு தாள். வீடுகள் எல்லாம் ஒரே அச்சாக இருந்தால்தான் விளம்பரப் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்றார் லேஅவுட்காரர். அதனால் அதே பிளானை மனை எண்ணை மட்டும் மாற்றி மாற்றி வரிசை முழுவதற்கும் கொடுத்தாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வருஷக் கணக்கில் முள்செடி மண்டிக் கிடந்த இடத்தில் மளமளவென்று வீடுகள் எழும்பின. வாடகை வீட்டில் மாறி மாறிக் குடியிருந்து அலுத்துப் போனவர்கள் சொந்தக் கதவைச் சொந்தச் சாவியால் திறந்தார்கள். சின்னவளும் டிரைவர் தம்பியும் அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். வேறு எங்கும் வாங்க ஸ்கேல் அக்கா விட்டிருக்க மாட்டாள்.

சின்னவள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு வாத்தியார் குடும்பம். வலப்பக்கம் ஒரு டெய்லர் குடும்பம். டெய்லரின் மனைவி தங்கமான மனுஷி. ரோட்டில் யார் குழந்தை அழுதாலும் வெளியே வந்து பார்ப்பாள். சின்னவள் உண்டானதும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள், புருஷனுக்குக்கூட அப்புறம்தான் தெரிந்தது.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிரைவர் தம்பி கேன் தண்ணீர் வாங்கிப் போடலாம் என்றார். ஸ்கேல் அக்கா அவர் மேல் பாய்ந்துவிட்டாள். "எங்க புடிச்ச தண்ணியோ, எந்தக் கேன்ல அடைச்சதோ. நம்ம வீட்டுக் கிணறு கண்ணாடி மாதிரி இருக்கு. நான் எடம் பாத்துப் போட்ட கிணறு தம்பி அது." ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனால் அவளே பாட்டிலை நிரப்பித் தங்கையின் கட்டில் அருகே வைத்துவிட்டு வருவாள். காலி பாட்டில் கண்ணில் பட்டால் இருவருக்கும் திட்டு விழும்.

மழை ஓய்ந்த பிறகு வாத்தியாரின் பையனுக்குக் கண் மஞ்சளாகியது. பிறகு வாத்தியாருக்கே வந்தது. வரிசையின் அந்தக் கோடியில் வேறு இரண்டு வீடுகளிலும் காமாலை என்றார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்கிறவனைக் குறை சொன்னார், இன்னொருவர் ரயிலில் வாங்கித் தின்றதை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பதால் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள். அப்புறமும் அது அடுத்தடுத்த வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. எட்டாம் மாதத்தில் சின்னவளுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "மஞ்ச பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கேன்ல" என்று சிரித்தாள். அவளைப் பார்த்த பெண் டாக்டர் சிரிக்கவில்லை. எங்களை வெளியே கூப்பிட்டு, கர்ப்பமாக இருக்கும்போது இந்தக் காமாலை வந்தால் ஆபத்து என்றார். வீட்டில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

"சொந்தக் கிணறு டாக்டர். கிணத்துக்கும் டேங்குக்கும் விதிப்படி அம்பது அடி இருக்கு. நான்தான் பிளான் போட்டேன்" என்றாள் ஸ்கேல் அக்கா.

"எதுக்கும் அந்தத் தண்ணிய யாரும் குடிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். ஸ்கேல் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்டருக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

சின்னவளுக்கு மாற்றுத் துணி எடுக்கத்தான் போனோம். மொட்டை மாடிக் கொடியில் துணிகள் காய்ந்து கிடந்தன. நான் கிளிப்பைக் கழற்றிக் கழற்றித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேல் அக்கா கைப்பிடிச் சுவர் அருகே நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்க பாரு" என்றாள்.

"என்ன?"

"வாத்தியார் வீட்டு டேங்க் குழாய்."

டேங்கின் காற்றுப் போவதற்காக உயரமாக ஒரு குழாய் வைப்பார்கள், வாயில் கொசுவலை கட்டியிருக்கும். வாத்தியார் வீட்டு வலது சுவரை ஒட்டி அது நின்றது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், அதற்கு நேராக, சின்னவள் வீட்டுக் கிணறு. நான் நிமிர்ந்து வரிசை முழுவதையும் பார்த்தேன். ஒரு வீட்டின் குழாய், சுவர், அடுத்த வீட்டின் கிணறு. மறுபடி ஒரு குழாய், சுவர், கிணறு. ரயில்வே கேட் வரைக்கும் அதே. இத்தனை நாளாக இந்த மாடிகளில் நின்று எத்தனையோ பேர் துணி காயப் போட்டிருக்கிறார்கள், எல்லார் கண்ணிலும்தான் அந்தக் குழாய்கள் பட்டிருக்கும்.

அவள் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கிணற்றின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எக்கி, இன்னொரு கையைச் சுவருக்கு மேலே நீட்டினாள். வாத்தியார் வீட்டுக் குழாயை அவள் விரல்கள் தொட்டன.

"கை எட்டுது" என்றாள். "பாரேன், கை எட்டுது."

கையை எடு அக்கா என்றேன். அவள் எடுக்கவில்லை.

"என் தாள்ல சுவத்தோட முடிஞ்சிடும். சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் ஒண்ணும் வரையல. வரையச் சொல்லி யாரும் கேக்கல" என்றாள். பிறகு, "ஒரு வீட்ட விட்டு ஒரு வீடு திருப்பிப் போட்டிருந்தா போதும். கிணத்துப் பக்கத்துல கிணறு வந்திருக்கும், டேங்குப் பக்கத்துல டேங்க் வந்திருக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா திரும்பிடும். ஒரே ஒரு தட்டு" என்றாள்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சின்னவளுக்கு நினைவு தப்பியிருந்தது. அக்கா குனிந்து காதருகில் கூப்பிட்டாள். சின்னவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மறுநாள் சின்னவள் போய்விட்டாள்.

சாகிற வயதா அது? முந்தின நாள்தான் கண்ணாடி பார்த்துச் சிரித்தவள். திருடன் வந்து வெட்டிப் போட்டிருந்தால்கூட இன்னாரால் என்று சொல்லித் திட்டித் தீர்க்கலாம். இங்கே யாரும் ஒரு விதியையும் மீறவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

டிரைவர் தம்பியிடம் ஸ்கேல் அக்கா காரணத்தைச் சொல்லவில்லை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், கிணற்று மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "கிணத்துத் தண்ணி வேணாம் தம்பி, கேன் தண்ணியே வாங்கிக்கோங்க" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த நிலைமையில் அவரிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்.

"அவருகிட்ட வெளிப்படையா சொல்லிடுக்கா. வரிசைல எல்லாருக்கும் சொல்லணும்" என்று நான் சண்டையே போட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? ஆபீஸ்ல சொல்லி மொதல்ல எல்லாக் கிணத்தையும் மூட வைக்கிறேன். தண்ணி லாரிக்கு ஏற்பாடு பண்ணச் சொல்றேன். அப்புறம் சொல்றேன். நான் வாயால சொன்னா யாரு நம்புவா? ஆபீஸ் சொன்னாத்தான் கேப்பாங்க."

பிளான் ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார், துக்கம் விசாரித்தார். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சின்னவள் வீட்டு பிளானை எடுத்து வரச் சொல்லி ஸ்கேல் வைத்து அளந்தார்.

"அம்பது அடி இருக்கேம்மா. உங்க பிளான் சரியாத்தான் இருக்கு."

"பக்கத்து மனையோட டேங்க் அஞ்சு அடில இருக்கு சார்."

"அவங்க பிளானும் சரியாத்தான் இருக்கு. பக்கத்து மனையக் காட்டணும்னு விதில இல்லையேம்மா. ஒரு மனைக்குள்ள என்ன இருக்குன்னுதான் நாங்க பாக்கணும். விதிய மீறாத வீட்டுக் கிணத்த மூடச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. தண்ணிதான் பிரச்சனைன்னா சுகாதார ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க."

"அவங்ககிட்ட போனா?"

"அவங்க டேங்க் பத்தி எங்களத்தான் கேப்பாங்க" என்றார். கிண்டல் இல்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் அவர் மேசைக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது.

கிளம்பும்போது அவராகவே ஒன்று சொன்னார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போல. "உங்க பிளான நாங்க எவ்வளவு மதிக்கிறோம்னா, வெளிய போர்டுல மாதிரி பிளான்னு ஒட்டி வெச்சிருக்கோம்மா. சாக்கடை இல்லாத எடத்துல எல்லாம் இப்ப அதையேதான் போட்டுக் கொண்டுவராங்க. ஒண்ணும் திருப்பி அனுப்ப வேண்டியதில்ல, உடனே பாஸ்."

வெளியே அது இருந்தது. என் கடை அச்சு, அவள் கையெழுத்து, நடுவில் வீடு, இடப்பக்கம் கிணறு, வலப்பக்கம் டேங்க். இரண்டு பேர் அதன் முன்னால் நின்று மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேல் அக்கா அவர்களைத் தள்ளிவிட்டு அதைக் கிழித்தாள். காவலாளி ஓடி வந்தார். "கிழிச்சா என்னம்மா, உள்ள இன்னும் கட்டுக் கட்டா இருக்கு, வேற ஒட்டுவாங்க" என்றார்.

அங்கிருந்து நேராக டிரைவர் தம்பி வீட்டுக்குப் போகச் சொன்னாள். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

டிரைவர் தம்பி சமையலறையில் நின்று பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். குழந்தை தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அலங்கோலம், அவர் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாங்கக்கா என்று பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே தொட்டிலுக்குப் போனார். காலியான தண்ணீர்க் கேன் கதவோரம் சாய்ந்து கிடப்பதை அவள் பார்த்தாள்.

"தம்பி, பாட்டில்ல இருக்கறது எந்தத் தண்ணி?"

"கேன் தீந்துடுச்சுக்கா. கடைக்குப் போகணும்னா பாப்பாவ யாருகிட்ட விட்டுட்டுப் போறது? டெய்லர் வீட்டுல குடுத்தாங்க. அவங்க கிணத்துத் தண்ணி. நம்ம கிணறு மாதிரி இல்ல, நல்லா இருக்கு."

"கொதிக்க வெச்சீங்களா?"

"லேசா சூடு பண்ணினேன். ரொம்பச் சுட்டா பாப்பாக்கு ஆகாதுல்ல."

"எப்பலேர்ந்து குடுக்கறீங்க?"

"நேத்துலேர்ந்து."

ஸ்கேல் அக்கா பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பால் அவர் சட்டையிலும் தொட்டிலிலும் தெறித்தது. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் குடித்தது வாத்தியார் வீட்டு டேங்கில் இருந்து வந்த தண்ணீர் என்றாள். பிளான் போட்டது நான்தான், குடிக்கச் சொல்லி பாட்டில் பாட்டிலாக நிரப்பி வைத்ததும் நான்தான் என்றாள். ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்கவில்லை.

அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வலப்பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே அவர்கள் வீட்டு டேங்கின் குழாய். அதற்குப் பின்னால் சுவர்.

"அப்ப டெய்லர் வீட்டுக் கிணத்துக்கு வந்தது நம்ம டேங்குத் தண்ணியா?" என்று கேட்டார். "அவ காமாலையோட படுத்திருந்தப்ப போனதெல்லாமா?"

ஸ்கேல் அக்கா ஆமாம் என்றாள்.

குழந்தையின் அழுகை கேட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தமும், அதன் மேல் டெய்லரின் மனைவியின் குரலும் வந்தன.

"தம்பி, பாப்பா இன்னும் அழுவுதே. தண்ணி பத்தலையா? இன்னொரு கொடம் புடிச்சு வெச்சிருக்கேன், எடுத்துட்டு வரட்டுமா?"

ஸ்கேல் அக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ கொட்டிடுங்க" என்றாள். "நீங்களும் குடிக்காதீங்க. நான் அங்க வர்றேன், வந்து சொல்றேன்."